விரைவுப் படகா, இழுவைப் படகா, பாய்ப்படகா? குடும்பத்தின் முதல் ரேடியோ படகைத் தேர்ந்தெடுத்தல்

கடந்த பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் எளிதானது. ரேடியோவால் இயங்கும் மாதிரிப் படகு ஒன்றை வாங்குவது அல்லது செய்வது என்று முடிவாகிவிட்டது. எந்தப் படகு என்பதுதான் முடிவாகவில்லை. ஒன்பது வயது மகன் நீரைக் கிழித்துக்கொண்டு பாயும் விரைவுப் படகைக் கேட்டான். பதின்மூன்று வயது மகளுக்குப் பாய்ப்படகின் மேல் கண். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அவர்களுடைய அப்பிச்சியோ (அம்மாவின் அப்பா), "வாங்கி ஓட்டறதுல என்னங்க மாப்பிள்ளை இருக்குது, செஞ்சே ஓட்டிப் பார்க்கலாமுங்க" என்று மூன்றாவதாக ஒரு பக்கம் இழுத்தார். அந்த விவாதம் ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. அதில் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தவற்றையும், பிறகு குளக்கரையில் கற்றுக்கொண்டவற்றையும், இதே முடிவை எடுக்கவிருக்கும் பிற குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

விலையையும் வேகத்தையும் வைத்து மட்டும் இந்தப் படகுகளை ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே போய்ச் சேருவோம். ஒரு படகு வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை கொடுக்கிறது, குளக்கரையில் எத்தனை பேர் கைக்கு எத்தனை நிமிடம் வருகிறது என்ற இரண்டு கணக்குகளைத்தான் முதலில் போட வேண்டும். ஒருவர் ஓட்ட மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்க்கும் பொழுதுபோக்கு, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒருவருடைய பொழுதுபோக்காகிவிடும். நான்காவது ஞாயிறு படகு பரணில் இருக்கும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீர். கோவையில் குளங்களுக்குப் பஞ்சமில்லை என்றாலும், மாதிரிப் படகு விடத்தக்க குளங்கள் அவ்வளவு இல்லை. ஆகாயத் தாமரை மூடிய குளத்தில் எந்தப் படகும் ஓடாது. முக்குளிப்பானும் புள்ளிமூக்கு வாத்தும் குஞ்சு பொரித்திருக்கும் குளத்தில் மோட்டார்ப் படகு ஓடக் கூடாது. மக்கள் படகுச் சவாரி செய்யும் ஏரியில் சவாரி நேரத்தில் இடம் கேட்பது நியாயமில்லை. நாங்கள் செய்தது இதுதான்: ஒரு கயிற்றில் சாண் அளவுக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, கரையிலிருந்து எறிந்து எறிந்து ஆழம் பார்த்தோம். கரையோரம் இரண்டு சாண் ஆழம்கூட இல்லாத இடத்தில் பாய்ப்படகு தரை தட்டும். விரைவுப் படகுக்கும் இழுவைப் படகுக்கும் ஒரு சாண் தாராளம். ஆழம் தெரிந்த பிறகு, குளத்தைப் பராமரிக்கும் உள்ளாட்சி அலுவலகத்தில் வாய்மொழியாகவேனும் ஒரு வார்த்தை கேட்டுவைத்துக்கொண்டோம். கோயில் தெப்பக்குளங்களைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அனுமதி ஒரு பக்கம் இருக்க, நீருக்குள் மறைந்திருக்கும் படிக்கட்டுகளே படகின் அடியைப் பெயர்த்துவிடும்.

விரைவுப் படகுக்கு வருவோம். மனைவியின் தம்பியிடம் இரண்டு அடி நீளத்தில் ஒன்று இருந்ததால், வாங்காமலேயே ஒரு மாதம் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. பெட்டியைப் பிரித்து, பேட்டரியைச் சார்ஜ் செய்து, அன்று மாலையே ஓட்டிவிடலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியும், வோல்ட்டுக்கு 3,000 சுற்று என்று குறிக்கப்பட்ட பிரஷ்லெஸ் மோட்டாரும் சேர்ந்தால், சுமையில்லாத நிலையில் நிமிடத்துக்கு 22,200 சுற்றுகள் கிடைக்கும். இத்தகைய படகுகளில் பல மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன. முதல் ஓட்டத்தில் மகன் போட்ட கூச்சல் குளத்தின் எதிர்க்கரை வரை கேட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மகிழ்ச்சியைச் சிறுபிள்ளைத்தனம் என்று நான் ஒதுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து மோட்டார் சராசரியாக 20 ஆம்பியர் இழுத்தால், பேட்டரி ஆறரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். லித்தியம் பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது என்பதால் உண்மையில் கிடைப்பது ஐந்து நிமிடம். வீட்டில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஒன்றேகால் நிமிடம். கூடுதல் பேட்டரி வாங்கலாம்; ஆனால் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்படுத்தியும் ஆற வேண்டும். அவற்றைக் குளிர்விப்பது படகின் பின்புறம் இருக்கும் சிறு துளை வழியாக ஏறும் குளத்து நீர். பாசித் துணுக்கு ஒன்று அந்தத் துளையை அடைத்தால், நீர் வெளியேறும் மெல்லிய குழாய் வறண்டுபோவதைக் கரையிலிருந்து யாரும் கவனிப்பதில்லை. கட்டுப்படுத்தி சூடேறிக் கருகிய வாடைதான் முதலில் தெரியவரும். எங்களுக்கு அது நேரவில்லை. நேர்ந்தது வேறு. இரண்டாவது வாரம் புரொப்பெல்லரில் ஆகாயத் தாமரையின் வேர் சுற்றி, கரையிலிருந்து அறுபது எழுபது அடியில் படகு நின்றுவிட்டது. மீன்பிடித் தூண்டிலின் கயிற்றில் டென்னிஸ் பந்தைக் கட்டி ஒரு மணி நேரம் எறிந்தும் பயனில்லை. பிறகு காற்று திரும்பி, படகு தானாகவே எதிர்க்கரையில் ஒதுங்கியது. படகை எடுக்க யாரும், பெரியவர்கள் உட்பட, நீரில் இறங்கக் கூடாது என்ற விதியை அன்றுதான் வீட்டில் எழுதி ஒட்டினோம். குளத்துச் சேறு முழங்கால் வரை இழுக்கும். எந்தப் படகும் ஓர் உயிருக்குச் சமமான விலையுடையது அல்ல.

இந்தப் படகில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை என்பதும் ஒரு குறை. உடைந்தால் உதிரிப்பாகத்தை வரவழைத்து மாட்டலாம், அவ்வளவுதான். அப்பிச்சி ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல நமக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று மூடிவைத்தார்.

இழுவைப் படகு அவருக்காகவே வந்தது போலிருந்தது. துறைமுகத்தில் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரைசேர்க்கும் குட்டையான, அகன்ற படகின் மாதிரி இது. தொடங்குபவர்களுக்கு ஏற்றது, அமெரிக்க மாதிரிப் படகுக்காரர்களிடையே பரவலான ஸ்பிரிங்கர் என்ற எளிய வடிவம்: 18 அங்குல நீளம், 8 அங்குல அகலம், செங்குத்தான தட்டைப் பக்கங்கள், முன்னும் பின்னும் மேலேறும் ஒரே வளைவாக அடிப்பலகை. இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றாக ஆணியடித்து ஒரே வெட்டில் அறுத்தால் இரண்டும் அச்சு மாறாமல் வந்துவிடும். நடுவில் குறுக்குச் சட்டங்கள் நான்கு. அவற்றின் மேல் ஈரத்துணி போர்த்தி ஊறவைத்த மெல்லிய பிளைவுட்டை வளைத்து ஒட்டினால் உடல் தயார். நீர் தாங்கும் பிளைவுட், அரால்டைட், மூலைகளுக்கு எம்-சீல், உள்ளும் புறமும் இரண்டு பூச்சு எபாக்சி ஆகிய அனைத்தும் எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பவை. சாதாரண மர ஒட்டுப் பசையை மட்டும் நம்பாதீர்கள். முதல் முயற்சியில் நாங்கள் நம்பினோம். இரண்டு நாள் தொட்டியில் கிடந்ததும் அடிப்பலகை அப்பளம் போல எழும்பிக்கொண்டது.

இதில் கடினமான பாகம், மோட்டாரிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் தண்டும் அதைச் சூழ்ந்த குழாயும். வெளிநாட்டுத் தயாரிப்பாக வாங்கலாம். நாங்கள் வாங்கவில்லை, பம்பு மோட்டாருக்கு ஊரெங்கும் லேத் ஓடும் நகரத்தில் இருந்துகொண்டு அதை வாங்குவானேன்? அப்பிச்சி தமக்குத் தெரிந்த பட்டறையில் எட்டு மில்லிமீட்டர் பித்தளைக் குழாயின் இரு முனைகளிலும் தண்டைத் தாங்கும் புஷ் கடைந்து பொருத்தி, நடுவில் நான்கு மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை ஓட்டிக் கொண்டுவந்தார். குழாய்க்குள் கிரீஸை நிரப்பிவிட்டால் சுழலும் தண்டு வழியாக நீர் உள்ளே ஏறாது. கிரீஸ் ஏறும்போது மறுமுனையில் அது புழுவைப் போல வெளிவருவதைப் பார்க்க மகன் மூன்று முறை நிரப்பச் சொன்னான். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பிக்கும் என் மனைவி கம்பிகளைப் பற்றவைத்தார். மகள் மேல்தளத்தையும் ஓட்டுநர் அறையையும் பழைய நாட்காட்டி அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பலகையில் வெட்டினாள். ஏழு வாரங்களின் மாலை நேரங்கள் இதில் கழிந்தன. ஏழு வாரமும் வீட்டில் தொலைக்காட்சியைப் பற்றி யாரும் பேசவில்லை.

எடை என்பது விரைவுப் படகுக்குப் பகை, இழுவைப் படகுக்கு நட்பு. ஒரு கிலோ எடையுள்ள எதுவும் மிதக்க ஒரு லிட்டர் நீரை விலக்க வேண்டும் என்ற ஆர்க்கிமிடீசின் விதியைப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருந்தார்கள்; அதன் பொருள் விளங்கியது குளியல் தொட்டியில்தான். படகின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக முங்குவதற்கு ஏறக்குறைய 900 கிராம் ஏற்ற வேண்டும் என்று மகள் கணக்கிட்டாள். வெறும் உடல் தக்கை போல மேலே நின்றது. முக்கால் கிலோ எடையுள்ள 6 வோல்ட் ஈய-அமில பேட்டரியை நடுவில் வைத்ததும் சற்று அமர்ந்தது. அதற்கு மேல் கூழாங்கல் நிரப்பிய பால் கவர்களை ஒவ்வொன்றாக வைத்தோம். "இடப்பக்கம் சாயுதுங்கப்பா" என்று நீர்மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி அவள் சொன்னபோது, எனக்கு எந்தச் சாய்வும் தெரியவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக முங்கியிருந்தது. இரண்டு இரும்பு நட்டுகளை வலப்பக்கம் நகர்த்தியதும் சரியானது. காசு கொடுத்து வாங்கும் படகில் இந்த அரை மணி நேரம் கிடைக்காது.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, இது நாம் கரையோரம் நடக்கும் வேகத்தில் போகும். 4.5 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து மோட்டார் ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் மூன்று மணி நேரம். ஈய-அமில பேட்டரியையும் முழுதாக வற்றவிடாமல் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ரிமோட் கைமாறிக்கொண்டே இருக்கலாம். வேகம் இல்லையே, சலிக்காதா என்ற கேள்வி நியாயமானது. சும்மா சுற்றவிட்டால் சலிக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு நெகிழிப் புட்டிகளை மிதக்கவிட்டு, அவற்றுக்கு நடுவே ஒரு தெர்மாக்கோல் பலகையைத் தள்ளிச் சென்று கரையில் குறித்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பின்னோக்கிப் போகும்போது இந்த வகைப் படகு சுக்கானுக்குக் கட்டுப்படாமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதைச் சமாளித்துப் பலகையைக் கரைசேர்க்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று, மகனுக்கு ஏழு.

செலவைச் சொல்வதானால், எங்களுக்கு மொத்தம் ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. அதில் பாதிக்கும் மேல் ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் போனது. மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ, வேகக் கட்டுப்படுத்தி, பேட்டரி நான்கும் சேர்ந்தே இரண்டாயிரத்துக்குள் அடங்கின. பல படகுகளின் அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ரிமோட்டை முதலிலேயே வாங்கிவிடுங்கள். அடுத்த படகுக்கு ரிசீவர் மட்டும் போதும். இப்போது கிடைப்பவை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், ஒரே குளத்தில் இரண்டு மூன்று பேர் ஓட்டினாலும் ஒருவர் படகு மற்றவர் சொல்லைக் கேட்காது. இந்த அலைவரிசை நீருக்குள் ஊடுருவாது என்பதால், ரிசீவரின் மெல்லிய ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே, மேல்தளத்தின் அடிப்பக்கம் ஒட்டிவைக்க வேண்டும். இன்னொன்று: கரையில் படகைக் கையில் பிடித்துக்கொண்டு, மோட்டார் ஓடும்போதே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்காத படகை, எந்த வகையாக இருந்தாலும், நீரில் விடாதீர்கள்.

பலகைக்குப் பதிலாக முப்பரிமாண அச்சில் உடலை வார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும், சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். மேலும் அச்சு இயந்திரம் ஓடும்போது குடும்பம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. துறைமுகத்தில் பார்த்த ஓர் உண்மையான இழுவைப் படகை அளவு பிசகாமல் செய்ய வேண்டும் என்ற ஆசைக்கும் ஓர் எச்சரிக்கை. நீளத்தை முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் எடை 27,000-இல் ஒரு பங்காகும். 30 மீட்டர் நீளமும் 400 டன் எடையும் உள்ள படகின் மாதிரி ஒரு மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 15 கிலோ இருந்தால்தான் சரியான கோட்டில் மிதக்கும். அதைத் தூக்கிக்கொண்டு குளக்கரைச் சரிவில் இறங்கிப் பார்த்தால் ஸ்பிரிங்கரின் அருமை தெரியும்.

மகள் கேட்ட பாய்ப்படகைப் பற்றி எனக்கு முதலில் தவறான எண்ணமே இருந்தது. மோட்டார் இல்லாத படகு என்றால் எளிமையானது, மெதுவானது, சிறுவர்களுக்கானது என்று நினைத்திருந்தேன். உண்மையில் மூன்றிலும் மிகக் கூர்மையான அறிவைக் கேட்பது இதுதான். ஒரு படகைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் பாயின் பரப்பு நூறில் ஒன்றாகிறது. எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது. காற்று மட்டும் சுருங்குவதில்லை. எனவே பெரிய படகை அப்படியே சிறிதாக்கினால் முதல் வீச்சிலேயே கவிழும். அதைத் தடுக்கத்தான் மாதிரிப் பாய்ப்படகுகளின் அடியில் நீண்டு இறங்கும் தகடும் அதன் நுனியில் ஈயக் குண்டும் இருக்கின்றன. 1988-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஒன் மீட்டர் என்ற வகுப்பில் (ஒரே அளவு விதிகளுக்குள் செய்யப்படும் பந்தயப் படகு வகையை வகுப்பு என்பார்கள்) படகின் நீளம் ஒரு மீட்டர், குறைந்தபட்ச எடை நான்கு கிலோ; நீருக்கடியில் 42 சென்டிமீட்டர் வரை, அதாவது ஒரு முழத்துக்குச் சற்றே குறைவாக இறங்கலாம். அந்த எடையில் பாதிக்கு மேல் அடியிலுள்ள ஈயமே. கயிற்றில் கல் கட்டி ஆழம் பார்த்ததன் காரணம் இப்போது புரியும்.

ஒரு மீட்டர் படகு குடும்பத்தின் முதல் படகு அல்ல. அது பந்தயக்காரர்களுக்கு உரியது. நாங்கள் ஒப்பிட்டவை 65 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு. ஒன்று, டிராகன் ஃபோர்ஸ் 65 என்ற ஆயத்தத் தொகுப்பு. உடல் வார்க்கப்பட்டே வருகிறது. பாய்மரத்தையும் கயிறுகளையும் பூட்டுவதற்கு இரண்டு மூன்று மாலைகள் போதும். எல்லாப் படகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஓட்டுபவரின் திறமை மட்டுமே வேறுபட வேண்டும் என்பது அதன் வகுப்பு விதி. மற்றொன்று, ஆர்.ஜி. 65. நீளம் 65 சென்டிமீட்டர், முதன்மைப் பாய்த் தொகுதியின் பரப்பு அதிகபட்சம் 2,250 சதுர சென்டிமீட்டர். மற்றபடி உடலை எப்படி வேண்டுமானாலும் வடிவமைத்துக்கொள்ளலாம். பால்சா மரப் பட்டைகளை அச்சுச் சட்டங்களின் மேல் ஒட்டி, கண்ணாடி இழைத் துணியால் போர்த்திச் செய்யும் வேலை இது. பாய்க்குப் பூங்கொத்து சுற்றும் பிளாஸ்டிக் தாள்கூடப் போதும். ஈயக் குண்டை மட்டும் வீட்டு அடுப்பில் உருக்கி வார்க்க நினைக்காதீர்கள். ஈயப் புகை பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை எபாக்சியில் பதித்து வடிவம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதுவே நல்லது.

எங்கள் ஊருக்குப் பாய்ப்படகு பொருந்துவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் விட்டிருக்கும் இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் நேராக உள்ளே வருகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். காற்று ஒரே திசையிலிருந்து மாலை வரை நிலையாக வீசுவதால் ஓட்டக் கற்றுக்கொள்வது எளிது. ஆனால் அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் முழுப் பாயை விரித்தால் படகு முன்னே போகாமல் மூக்கை நீருக்குள் குத்திக்கொள்ளும். வகுப்புப் படகுகளுக்கு ஏ, பி, சி என்று சிறுத்துக்கொண்டே போகும் பாய்த் தொகுதிகள் இருப்பது இதற்காகத்தான். முதலில் ஏ தொகுதி மட்டும் வாங்கிவிட்டு ஜூலையில் கைகட்டி நிற்பதைவிட, கோவை, திருப்பூர்ப் பக்கத்தவர்கள் பி தொகுதியையும் சேர்த்தே வாங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று விழுந்துவிடும் நாட்களும் உண்டு. அப்போது குளத்தின் நடுவில் படகு அசையாமல் நிற்க, நாம் கரையில் கடலை கொறித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ரிமோட்டில் இரண்டே குச்சிகள். ஒன்று சுக்கானுக்கு, மற்றொன்று பாயை இறுக்கித் தளர்த்த. காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது, வலமும் இடமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற முடியும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க நான் பெரும்பாடு பட்டேன். படகு இரண்டு முறை பாய் படபடக்க நின்றதே அதை மகளுக்குப் புரியவைத்துவிட்டது. நான்கு சிறிய ஏஏ பேட்டரிகளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. சத்தம் இல்லை, நீர்க்கோழிகள் ஒதுங்கிப் போவதோடு சரி. உண்மையான பாய்மரப் பந்தய விதிகளே ஒரு பின்னிணைப்போடு இந்தச் சிறு படகுகளுக்கும் பொருந்துகின்றன. இரண்டு படகுகள் எதிரெதிர்ப் பக்கத்தில் காற்று வாங்கி மோதும் நிலை வந்தால், வலப்பக்கத்தில் காற்று வாங்கும் படகுக்கே வழியுரிமை. இரண்டாவது படகு வந்த பிறகுதான் இந்த விளையாட்டு முழுமையாகும் என்பதால், செலவு இரட்டிப்பாகும் ஆபத்தும் பாய்ப்படகில்தான் அதிகம்.

மரபுக் கப்பல் ஒன்றின் மாதிரியைச் செய்து மிதக்கவிடலாமே என்ற ஆசை எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. 1930-இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 89 அடி நீளமுள்ள அன்னபூரணி, அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சனுக்கு விற்கப்பட்டு, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாறி, தமிழ் மாலுமிகளோடு கடல் கடந்து 1938-இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. முப்பதில் ஒரு பங்கில் செய்தால் 90 சென்டிமீட்டர் வரும். வீட்டு மேசைக்கும் அடங்கும், காருக்கும் அடங்கும். ஆனால் முன்மரத்தில் குறுக்குப் பாய்களும் பின்மரத்தில் நெடும்பாயும் கொண்ட கப்பலின் அத்தனை கயிறுகளையும் ரேடியோவால் ஆட்டுவது கைதேர்ந்தவர்களுக்கே ஆண்டுக்கணக்கான வேலை. முதல் படகாக இதைத் தொடங்கிய குடும்பத்தின் பரணில் ஓர் எலும்புக்கூடுதான் மிஞ்சும். அப்பிச்சி இதைக் கேட்டுவிட்டு வரைபடம் தேடச் சொல்லியிருக்கிறார். அது வேறு விஷயம்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் இது படகைத் தேர்ந்தெடுப்பதையே மாற்றக்கூடியது. லித்தியம் பாலிமர் பேட்டரியை உரிய சார்ஜரில், தரை ஓட்டின் மேல், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கமுள்ள வீட்டுக்கு விரைவுப் படகு வேண்டாம் என்றே சொல்வேன். ஈய-அமில பேட்டரியும் நிக்கல் பேட்டரியும் இவ்வளவு முன்கோபிகள் அல்ல.

எனவே எங்கள் முடிவு: முதலில் இழுவைப் படகைச் செய்வது, ஆனியில் காற்று தொடங்குவதற்குள் பாய்ப்படகை ஆயத்தத் தொகுப்பாக வாங்குவது. பாய்ப்படகையும் நாங்களே செய்திருக்கலாம். ஆனால் அதன் உடலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஓட்டம் கெடும். முதல் படகில் கைபழகும் வீட்டுக்கு அந்தத் துல்லியம் சுமையாகிவிடும். இழுவைப் படகு பிசகுகளைப் பொறுத்துக்கொள்ளும். எங்கள் படகின் முகப்பு சற்றே கோணல், அதை மகன் முகவெட்டு என்கிறான். அறுக்கவும் தேய்க்கவும் இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டு, பாய்ப்படகுத் தொகுப்பிலேயே தொடங்கலாம். வீட்டில் இருப்பது பதினாறு வயது இளைஞர் ஒருவர் மட்டும், அவருக்கு மோட்டாரைப் பிரித்துப் பூட்டுவதில் ஆர்வமும் அகன்ற திறந்த ஏரியும் இருக்கிறதென்றால் விரைவுப் படகைத் தயங்காமல் வாங்குங்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவருக்குப் பொருந்தாது. கடலோரத்து உப்பங்கழியில் ஓட்டுபவர்கள் எந்தப் படகானாலும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லையெனில் தண்டும் மோட்டாரும் ஒரு பருவம்கூடத் தாங்காது.

வரிசை முடிவான பிறகு இழுவைப் படகுக்கு நாங்கள் எதிர்பாராத ஒரு வேலையும் கிடைத்தது. காற்று விழுந்து நடுக்குளத்தில் நின்ற பாய்ப்படகையும், சுக்கான் கம்பி கழன்று சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு குடும்பத்தின் படகையும் அதுதான் தள்ளிக் கரைசேர்த்தது. அதற்காகவே அதன் முகப்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுருட்டிக் கட்டியிருக்கிறோம். விரைவுப் படகுப் பேச்சை ஐப்பசி மழையில் குளம் நிறைந்ததும் மறுபடி எடுப்பதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவரை மீட்பு வேலை முழுவதும் அவன் பொறுப்பு, அந்த நேரத்தில் ரிமோட்டை வேறு யாரும் கேட்கக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை.